தொளதொள கழுத்துக்கு என்ன பெல்ட்?

கேள்வி: எங்கள் வீட்டு பாசெட் ஹவுண்ட் நாய் சீசருக்கு 14 மாதம் ஆகிறது, எடை 25 கிலோ. கழுத்துத் தோல் தொளதொளவென்று தொங்கும். இஞ்ச் டேப்பால் அளந்தபோது 46 செ.மீ. வந்தது. அந்த அளவுக்கு நைலான் பெல்ட் வாங்கிப் போட்டோம். நடைப்பயிற்சியில் பின்வாங்கினால் தலை வழியாகக் கழன்றுவிடுகிறது. கொஞ்சம் இறுக்கினால் மடிப்புக்குள் புதைந்து, கழற்றும்போது சிவந்த கோடு தெரிகிறது. இப்போது தொண்டைப் பக்கம் முடி கொட்டி, ஒரு புளித்த வாடையும் வருகிறது. ஒரு கடைக்காரர் நல்ல அகலமான லெதர் பெல்ட் போடச் சொல்கிறார், இன்னொருவர் சோக் செயின்தான் சரி என்கிறார். எதை வாங்குவது?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: சோக் செயின் வேண்டவே வேண்டாம். தோல் தொங்கும் கழுத்தில் அந்தச் சங்கிலி இறுகும்போது கண்ணிகள் தோலையும் முடியையும் சேர்த்துக் கவ்வும். தளரும்போது கவ்வியது உடனே விடுபடாது. உள்பக்கம் முள் வைத்த பெல்ட்டையும் இதே காரணத்துக்காகத் தள்ளிவிடுங்கள். அகலமான லெதர் பெல்ட் அவ்வளவு மோசமில்லை. ஆனால் சீசர் இப்போது இருக்கும் நிலைக்கு அதுவும் உதவாது. முடி உதிர்வும் புளித்த வாடையும் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் மடிப்புக்குள் தோல் நோய் தொடங்கிவிட்டது என்று பொருள். அதன்மேல் எவ்வளவு மெத்தென்ற பெல்ட்டைப் போட்டாலும் உறுத்தத்தான் செய்யும்.

எனவே இன்றே அந்த நைலான் பெல்ட்டைக் கழற்றி வையுங்கள். தோல் ஆறும்வரை கழுத்தில் எதுவும் வேண்டாம். வெளியே கூட்டிப்போக, மார்பையும் முதுகையும் சுற்றி மாட்டும் பாடி பெல்ட் இருக்கிறது. சொல்லப்போனால், தோல் ஆறிய பிறகும் சீசரைப் பிடித்து நடத்தும் வேலை பாடி பெல்ட்டுக்குத்தான். கழுத்துப் பெல்ட் உங்கள் போன் நம்பரைச் சுமந்தால் போதும். ஏன் இப்படிப் பிரிக்கச் சொல்கிறேன் என்பது அளவைப் பார்த்தாலே விளங்கும்.

46 செ.மீ. எப்படி ஏமாற்றியது?

பாசெட் ஹவுண்டின் கழுத்துத் தோல் அடியிலுள்ள தசையோடு இறுக்கமாக ஒட்டியிருக்காது. தலையைத் தாழ்த்தி மோப்பம் பிடிக்கும்போது அது முன்னால் சரிந்து நெற்றியில் சுருக்கமாக விழும். தலையை நிமிர்த்தினால் தாடைக்குக் கீழே, மாட்டின் அலைதாடி போல, தொங்கும். முன்னங்கால்களுக்கு நடுவே முகத்தை வைத்துப் படுத்தால் தொண்டையில் மூன்று நான்கு மடிப்பாகத் திரளும். ஒரே நாயை இந்த மூன்று நிலையிலும் அளந்து பாருங்கள், மூன்று வேறு எண்கள் கிடைக்கும். நிற்கும்போது தளர்வாக இருந்த பெல்ட் படுக்கும்போது இறுக்குவது இதனால்தான்.

சரியாக அளக்க இன்னொருவர் உதவி தேவை. நாய் சமதரையில் நின்று நேராகப் பார்க்க வேண்டும், அதற்கு ஒருவர் அதன் மூக்கின் உயரத்தில் ஒரு பிஸ்கட்டைப் பிடித்துக்கொள்ளட்டும். தையல்காரர் வைத்திருக்கும் துணி டேப்தான் வேண்டும், இரும்பு டேப் வளையாது. முதலில் கையால் கழுத்துத் தோலை இரண்டு மூன்று முறை மேலிருந்து கீழாகத் தடவி, இயல்பான இடத்தில் விழச் செய்யுங்கள். பிறகு இரண்டு இடத்தில் அளங்கள். ஒன்று காதுக்குப் பின்னால், தாடை முடியும் இடத்தில். இன்னொன்று தோளுக்குச் சற்று மேலே, பெல்ட் கடைசியில் வந்து தங்கும் இடத்தில். டேப் முடியைத் தொட வேண்டும், தோலை அழுத்தக் கூடாது. பிறகு நாயைப் படுக்க வைத்துக் கீழ்க்கழுத்தை மறுபடி அளங்கள்.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஓர் அளவும் வேண்டும், அது தலையின் சுற்றளவு. இரண்டு காதுகளையும் பின்னோக்கி மடித்துப் பிடித்துக்கொண்டு, தலையின் மிக அகலமான இடத்தைச் சுற்றி டேப்பைப் போடுங்கள். பாசெட்டின் தலை நீளமானது, பக்கவாட்டில் ஒடுங்கியது. காதுகளோ வெல்வெட் துணிபோல் வழுக்கும். அதனால் தலை அளவுக்கும் கழுத்தளவுக்கும் பெரிய வித்தியாசம் வராது.

கணக்கு இப்படிப் போகும். நிற்கும்போது கழுத்து 44 என்று வைத்துக்கொள்வோம். பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டுமென்றால் ஏறத்தாழ 3 செ.மீ. கூட்ட வேண்டும், ஆக 47. தலை அளவும் 47 அல்லது 48 என்றால், நாய் பின்வாங்கும் நொடியில் தோல் பெல்ட்டோடு சேர்ந்து முன்னால் வழிந்து காதைத் தாண்டிவிடும். கழலாமல் இருக்க 44-க்கு இறுக்கினால், படுக்கும்போது திரளும் மடிப்புக்கு இடமில்லை. தலை அளவு கழுத்தைவிட 5 செ.மீ.யாவது கூடுதலாக இருந்தால்தான் சாதாரணத் தட்டை பெல்ட்டை நம்பி லீஷ், அதாவது பிடித்து நடத்தும் கயிறு, மாட்டலாம். சீசரின் பெல்ட் கழன்று வந்ததைப் பார்த்தால் அந்த இடைவெளி அவனுக்கு இல்லை. நீங்கள் எந்தக் கடைக்குப் போய் எந்த சைஸ் வாங்கினாலும் இதே சிக்கல்தான் வரும்.

இழுவையைக் கழுத்தில் ஏற்றாமலிருக்க இந்த இனத்துக்குக் கூடுதலாக இரண்டு காரணங்கள் உண்டு. பாசெட்டுக்குப் பரம்பரையாகக் கண் அழுத்த நோய் வரக்கூடும். கழுத்துப் பெல்ட்டில் இழுக்கும்போது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது, பாடி பெல்ட்டில் இழுக்கும்போது அப்படிக் கூடவில்லை என்று 2006-இல் அமெரிக்காவில் அளந்து பார்த்து வெளியிட்டிருக்கிறார்கள். நோய்க்கு வாய்ப்புள்ள கண்ணில் அந்த ஏற்றத்தை நாமே தினமும் உண்டாக்குவானேன்? இரண்டாவது முதுகெலும்பு. குட்டைக் கால் இனங்களில் முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டுகள் சிறு வயதிலேயே கெட்டித்துப் பிதுங்கக்கூடும், கழுத்தெலும்பிலும் இது நடக்கும். மோப்பம் கிடைத்த திசைக்கு 25 கிலோ நாய் பாய, லீஷ் சட்டென்று வெட்டி இழுத்தால் அதிர்ச்சி நேராக அங்கே போய்ச் சேரும்.

பாடி பெல்ட்டைப் பார்த்து வாங்குங்கள்

முன்பக்கம் ஒய் எழுத்து வடிவில் இருப்பதை எடுங்கள். கழுத்தின் இரு பக்கத்திலிருந்து வரும் பட்டைகள் மார்பெலும்பின் முன்முனையில் சேர்ந்து, முன்னங்கால்களுக்கு நடுவே வயிற்றுப் பக்கம் போக வேண்டும். மார்பின் குறுக்கே ஒரே பட்டையாக ஓடும் மாடல் பாசெட்டுக்கு ஆகாது. இந்த இனத்தின் மார்பெலும்பு கால்களுக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். அதன்மேல் குறுக்குப் பட்டை நிற்காமல் மேலே வழுக்கித் தொண்டைக்கே வந்துவிடும். கீழே இறக்கிக் கட்டினால் தோள்பட்டை அசைய முடியாமல் நடை கெடும்.

கடைகளில் எஸ், எம், எல் என்று விற்பதை எடையை வைத்து மட்டும் எடுக்காதீர்கள். மார்பு குண்டு, கால் குட்டை என்பதால், இந்த உடம்புக்கு எம் சைஸ் மார்பில் மாட்டாது, எல் சைஸ் கழுத்தில் தொங்கும். முழங்கைக்குப் பின்னால் மார்பின் மிக ஆழமான இடத்தைச் சுற்றி அளந்துகொண்டு போய், நான்கு இடத்திலாவது தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க வசதியுள்ளதைக் கேளுங்கள். மாட்டிய பிறகு மார்பைச் சுற்றும் பட்டை அக்குளிலிருந்து மூன்று விரல் பின்னால் இருக்க வேண்டும். அக்குளிலும் தோல் தளர்வுதான். அங்கே பட்டை உரசினால் இரண்டே நாளில் தோல் சிவந்து புண்ணாகிவிடும். பட்டையின் உள்பக்கம் மெத்தை வைத்துத் தைத்திருக்கட்டும், ஆனால் விரல் பருமனுக்குத் தடித்த மெத்தை நம் வெயிலுக்கு வேண்டாம்.

லீஷை முதுகு வளையத்தில் மாட்டுங்கள். இழுக்கும் நாய்க்கு மார்பு வளையம் நல்லது என்று சொல்வார்கள். தோல் ஒட்டிய நாய்க்கு அது சரி. சீசரைப் போன்றவனுக்கு மார்பு வளையத்தில் மட்டும் மாட்டினால், பக்கவாட்டில் இழுபடும்போது தோலோடு சேர்ந்து பாடி பெல்ட்டே சுற்றிக்கொண்டு ஒரு பக்கத்து அக்குளை அறுக்கும். இரண்டு முனையிலும் கொக்கி உள்ள லீஷ் கிடைத்தால் ஒன்றை முதுகிலும் ஒன்றை மார்பிலும் மாட்டலாம்.

கடையிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். லீஷை முன்னாலிருந்து மெதுவாக இழுத்து நாயைப் பின்வாங்க விடுங்கள். தோள்தோல் சுருண்டு பட்டைக்கு மேல் உருளையாகத் திரண்டால் கழுத்துப் பக்கம் அதிகத் தளர்வு என்று பொருள், இரு பக்கமும் ஒரே அளவு குறைக்க வேண்டும்.

முதலில் தோல்

மடிப்புக்குள் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். பாசெட் தண்ணீர் குடித்தால் பாதி உதட்டு வழியாகத் தொண்டைக்கு வழியும், எச்சிலும் கூடவே வடியும். நைலான் நெசவு அந்த ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பெல்ட்டின் வெட்டு ஓரம் தோலைத் தேய்க்க, மடிப்புக்குள் காற்றும் போகாமல் போக, தோலில் எப்போதும் கொஞ்சமாக இருக்கும் மலசீசியா என்ற ஈஸ்ட் பெருகும். பாசெட் இனத்துக்கு இந்த ஈஸ்ட் தொல்லை மற்ற இனங்களைவிட அதிகம். புளித்த வாடையும், தொட்டால் கையில் ஒட்டும் பிசுக்கும், வெள்ளை முடி பழுப்பாகக் கறைபடுவதும் இதன் அடையாளம்.

வாடையை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். கால்நடை மருத்துவர் ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒற்றி எடுத்து, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஈஸ்டா பாக்டீரியாவா என்று அங்கேயே தெரிந்துவிடும். முடி கொட்டியிருப்பதால் சொறிப்பூச்சிக்கும் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈஸ்ட்தான் என்றால் வழக்கமாக 2 சதவீத குளோர்ஹெக்சிடினும் 2 சதவீத மைக்கோனசோலும் கலந்த ஷாம்பூவை வாரம் இருமுறை போடச் சொல்வோம். இதில் எல்லோரும் தவறுவது நேரத்தில்தான். நுரை வந்ததும் கழுவிவிட்டால் மருந்து வேலை செய்யாது. ஒவ்வொரு மடிப்பையும் விரித்துத் தடவி, கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம் விட்டுவிட்டுப் பிறகு கழுவுங்கள். கழுவியதும் பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி, மடிப்பைப் பிரித்துப் பிடித்து மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். தேய்த்துத் துடைக்க வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். மலசீசியா கொழுப்பைத் தின்று வளர்வது, எண்ணெய் அதற்கு விருந்து. மஞ்சளைக் குழைத்துப் பூசினால் மடிப்பில் அப்பிக் காய்ந்து தோலை இழுக்கும், சிவப்பு குறைந்ததா கூடியதா என்று பார்க்கவும் விடாது. முகப்பவுடரும் அப்படித்தான், ஈரத்தோடு சேர்ந்து மாவாகக் கெட்டிப்படும். தரை துடைக்கும் கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து துடைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது புண்பட்ட தோலை மேலும் எரிக்கும், நக்கினால் வயிற்றுக்கும் கேடு.

சிவப்பும் வாடையும் சில வாரங்களில் போகும், முடி முளைக்க அதைவிட நாளாகும். முடி முழுக்க வரட்டும் என்று பெல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தோல் வெளுத்து, உலர்ந்து, தொட்டால் நாய் தலையைத் திருப்பாமல் இருந்தால் போதும்.

எந்த பெல்ட்?

அகலம் 2.5 செ.மீ., அதாவது ஒரு அங்குலம். அதிகம் போனால் 3. ஒல்லியான பெல்ட் மடிப்பின் பள்ளத்தில் விழுந்து கயிறுபோல் அறுக்கும். கடைக்காரர் சொன்ன 4, 5 செ.மீ. பெல்ட் அழுத்தத்தைப் பரப்பும் என்பது உண்மைதான். ஆனால் பாசெட்டின் கழுத்தில் அது ஒரே சமயத்தில் இரண்டு மூன்று மடிப்பை மூடிவிடும், தலை குனியும்போது மேல் ஓரம் தாடைக்குக் கீழே குத்தும். மூடிய மடிப்பில் ஈரம் தங்கும் என்பதை மேலே பார்த்தோம்.

பொருளைப் பொறுத்தவரை என் முதல் தேர்வு பயோதேன் எனப்படும் வகை. பாலியெஸ்டர் நாடாவின்மேல் மென்பிளாஸ்டிக் பூசியது. தண்ணீர் உறிஞ்சாது, நாறாது, ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது. எச்சில் ஒழுகும் நாய்க்கு இதைவிடச் சௌகரியம் வேறில்லை. அதிலேயே வளைந்து கொடுக்கும் மென்மையான ரகத்தைக் கேளுங்கள். கையில் வளைத்துப் பார்த்தால் நடுவில் முறியாமல் வட்டமாக வர வேண்டும். நியோபிரீன் என்ற ரப்பர் நுரையை உள்வரியாக வைத்தவை தொட்டால் பஞ்சுபோல் இருக்கும், ஆனால் நனைந்தால் நம் புழுக்கத்தில் சீக்கிரம் உலராது. எச்சில் ஒழுகாத நாய்க்கு வாங்கலாம், சீசருக்கு வேண்டாம். பருத்தி நாடா பெல்ட் மலிவு, மென்மை. இரண்டு வாங்கி மாற்றி மாற்றித் துவைத்துப் போட முடியுமென்றால் தாராளமாகப் போடுங்கள்.

லெதர்தான் வேண்டுமென்றால் ஆயத்தமாக விற்பதைவிடச் செய்யச் சொல்லி வாங்குவது மேல். திண்டுக்கல், ஈரோடு பக்கம் மரப்பட்டையும் கடுக்காயும் போன்ற தாவரப் பொருளால் பதமிட்ட தோல் கிடைக்கும், அது பழகப் பழக இளகும். பெல்ட், பை தைக்கும் கைவினைஞரிடம் இப்படிச் சொல்லுங்கள்: அகலம் 2.5 செ.மீ., தடிமன் 3 முதல் 4 மி.மீ., உள்பக்கம் மெல்லிய ஆட்டுத்தோல் வரி, இரண்டு ஓரமும் இழைத்து உருட்டி மெருகேற்றியது, தையல் தோலின் மட்டத்துக்கு மேலே துருத்தக் கூடாது. ஓட்டைகள் 2 செ.மீ.க்கு ஒன்று வீதம் ஏழு. கடைப் பெல்ட்டில் பெரும்பாலும் 2.5 செ.மீ. இடைவெளி இருக்கும், ஒரு ஓட்டை தளர்வு என்றால் அடுத்தது இறுக்கமாகிவிடும். முக்கியமாக, பக்கிளுக்கு அடியில் 6 செ.மீ. நீளத்துக்கு ஒரு லெதர் நாக்கு வைக்கச் சொல்லுங்கள். பக்கிளின் முள்ளும் சட்டமும் தோலைத் தொடாமல் அது தடுக்கும். லெதரின் குறை ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து நிழலில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், வெயிலில் காய்ந்தால் விறைத்து ஓரம் கத்தியாகும். பராமரிக்க நேரமில்லாதவர்கள் லெதர் பக்கம் போக வேண்டாம்.

உருண்டையாகச் சுருட்டித் தைத்த லெதர் பெல்ட்டும் உண்டு. நீள முடி நாய்களுக்காக வந்தது. ஓரமே இல்லாததால் தொளதொள கழுத்திலும் உறுத்தாது, ஆனால் அதில் லீஷ் மாட்டி இழுத்தால் மொத்த விசையும் ஒரே கோட்டில் விழும். போன் நம்பர் மட்டும் சுமக்க, நல்ல பெல்ட்.

கிளிக் என்று மூடும் பிளாஸ்டிக் பக்கிள் தளர்ந்த தோலைக் கடித்துவிடும். முதல் முறை கடிபட்ட நாய், அடுத்த முறை பெல்ட்டைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய்விடும். மூடும்போது உங்கள் இடது கையின் இரண்டு விரலைப் பக்கிளுக்கு அடியில் வைத்து, அதன்மேல் மூடுங்கள். தட்டையானதைவிடக் கழுத்தின் வளைவுக்கேற்ப வளைந்த பக்கிள் நல்லது. வளையங்கள் துருப்பிடிக்காத எஃகாகவோ பித்தளையாகவோ இருக்கட்டும். முலாம் பூசிய மலிவு வளையம் எச்சிலில் சீக்கிரம் உரிந்து சொரசொரப்பாகும். ஆடும் டாலரும் சலங்கையும் வேண்டாம், மடிப்புக்குள் சிக்கும், நீளக் காதில் ஓயாமல் இடிக்கும். போன் நம்பர் பொறித்த தட்டைத் தகட்டைப் பெல்ட்டின் வெளிப்பக்கமே ரிவெட் அடித்துவிடலாம். அல்லது நம்பரை நூலால் தைக்கலாம்.

நீளம் வாங்கும்போது, உங்கள் அளவு பெல்ட்டின் வரம்புக்கு நடுவில் வரட்டும். படுத்த நிலையில் அளந்ததோடு 2 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். அது 48 என்று வந்தால் 42 முதல் 54 வரை மாறும் பெல்ட் பொருந்தும். லீஷ் மாட்டப் போவதில்லை என்பதால் இப்படித் தளர்வாக விட முடிகிறது.

போட்ட பிறகு இரண்டு விரல் விதியை மட்டும் நம்பாதீர்கள். தோல் அமுங்கிக் கொடுப்பதால் இறுக்கமான பெல்ட்டுக்குள்ளும் இரண்டு விரல் போய்விடும். தொண்டைப் பக்கம் பார்க்காமல் காதுக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில் விரலை நுழைத்துப் பாருங்கள், அங்கே தோல் அவ்வளவு தளர்வில்லை. அடுத்து பெல்ட்டைக் கழுத்தைச் சுற்றி அரை வட்டம் திருப்புங்கள். பெல்ட் மட்டும் வழுக்கித் திரும்பினால் சரி. தோலும் கூடவே முறுக்கிக்கொண்டு வந்தால் இறுக்கம், இல்லையென்றால் உள்பக்கம் சொரசொரப்பு. கடைசியாக, நாயைப் படுக்கவைத்து, எந்த மடிப்பும் பெல்ட்டின் இரு பக்கமும் பிதுங்கி நிற்கவில்லை என்று பாருங்கள். அரை மணி கழித்துக் கழற்றினால் கோடு தெரியக் கூடாது. முடி கலைந்த தடம் இருந்தால் பரவாயில்லை, சிவந்த தடம் கூடாது. இத்தனையும் பார்த்துத் திருப்தியான பிறகு மீந்த நுனியை வெட்டுங்கள், அதற்கு முன் வெட்டினால் கடையில் மாற்றித் தரமாட்டார்கள்.

மார்ட்டிங்கேல் என்ற வகையையும் யாராவது சொல்வார்கள். இழுக்கும்போது ஓரளவுக்கு மட்டும் இறுகி, தலை வழியாகக் கழலாமல் நிற்கும். சிப்பிப்பாறை, கன்னி போல ஒடுங்கிய தலையும் ஒட்டிய தோலும் உள்ள நாய்க்கு அருமையான பெல்ட். தொளதொள கழுத்தில் இறுகும் ஒவ்வொரு முறையும் அது மடிப்பைச் சேர்த்துச் சுருட்டும். பாடி பெல்ட்டிலிருந்தும் உருவிக்கொண்டு ஓடும் நாய் என்றால் மட்டும், துணியால் ஆனதை எடுத்து, பாடி பெல்ட்டின் வளையத்தோடு ஒரு சிறிய இணைப்புப் பட்டையால் சேர்த்து மாட்டலாம். அப்போதும் லீஷின் விசை பாடி பெல்ட்டில் இருக்க வேண்டும், மார்ட்டிங்கேல் காப்புக்கு மட்டும். முழுக்க இறுகிய நிலையிலும் அதன் இரண்டு வளையங்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது. வீட்டில் ஒரு நிமிடம்கூட அதைப் போட்டு விடாதீர்கள், தொங்கும் கண்ணி கேட் கம்பியில் மாட்டிக்கொள்ளும்.

கடிதத்தில் இல்லாவிட்டாலும் கேட்க வேண்டியது ஒன்று. திருஷ்டிக்காகக் கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறீர்களா? இருந்தால் கத்தரித்து எடுத்துவிடுங்கள். குட்டியில் கட்டிய கயிறு மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும், நாய் வளர வளரத் தோலை அறுத்து உள்ளே போகும். வெளியே தெரிவதோ வாடையும் ஈரமும் மட்டும். சீசரின் கழுத்தை முழுதும் விரித்துத் தடவி, நூலோ பழைய ரப்பரோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உண்ணிக்கான மருந்து பெல்ட்டையும் தோல் ஆறும்வரை போட வேண்டாம். உண்ணிக்கு மாத்திரையோ முதுகில் விடும் சொட்டு மருந்தோ மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம்.

தோல் ஆறியதும் புதிய பெல்ட்டை முதல் நாள் 5 நிமிடம் போட்டு, ஒரு வாய் தின்பண்டம் கொடுத்துக் கழற்றுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள். வீட்டுக்குள் இருக்கும்போதும் இரவிலும் கழுத்து வெறுமையாக இருக்கட்டும். வாசல் கேட்டைத் திறந்து வைக்கும் வீடு என்றால் பகலில் பெல்ட் இருக்கலாம், ஆனால் பெல்ட்டை மட்டும் நம்பாமல், தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் போட்டுவிடுங்கள். தண்ணீர் குடித்ததும் தொண்டையை ஒரு துணியால் ஒற்றும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வரட்டும். வாய் குறுகிய, ஆழமான கிண்ணம் வைத்தால் காதாவது நனையாது. வாரம் ஒருமுறை மடிப்புகளை வெளிச்சத்தில் பிரித்து, முகர்ந்தும் பாருங்கள். பெல்ட்டையும் அன்றே சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாக அலசி உலர்த்துங்கள், சோப்பு மிச்சமிருந்தாலும் தோல் சிவக்கும்.

பதினான்கு மாதத்தில் பாசெட் உயரத்தில் வளர்ந்து முடித்திருந்தாலும் உடம்பு இன்னும் நிரம்பும். இரண்டு வயது வரை மாதம் ஒருமுறை கழுத்தையும் மார்பையும் அளந்து குறித்து வையுங்கள். கழுத்தளவு கூடுவதற்கு வளர்ச்சி மட்டும் காரணமாக இருக்காது, இந்த இனம் சோம்பலும் சாப்பாட்டு ஆசையும் கொண்டது, எடையையும் பாருங்கள். தலையைத் திருப்பாமல் விறைத்து நடப்பது, கழுத்தைத் தொட்டால் கத்துவது, ஒரு கண் சிவந்து மங்குவது, பாவை விரிந்தே நிற்பது – இவற்றில் எது தெரிந்தாலும் பெல்ட்டைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். கண் அழுத்தத்தில் ஒரு நாள் தாமதமும் பார்வையைப் பறித்துவிடலாம்.